வளைந்த முக்காலிக் காலை வெயிலில் போடாதீர்கள்

சென்ற ஆடி மாதம் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையிலிருந்து மூன்று மரக்கால்கள் என் பட்டறைக்கு வந்தன. லண்டனில் செய்த, முகப்பு லென்ஸ் 3 அங்குல அகலமுள்ள பித்தளைத் தொலைநோக்கி ஒன்றின் முக்காலி அது. கால்கள் மஹாகனி மரம். ஒவ்வொரு காலிலும் நான்கடி நீளத்தில் இரண்டு சட்டங்கள். இரண்டு கால்களில் மட்டான வளைவு இருந்தது. மூன்றாவதைக் கையில் எடுத்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு இழை வழியே விரிசல். விரிசலின் ஓரத்தில் சாக்கு நார்கள் ஒட்டியிருந்தன.

நடந்ததைக் கொண்டுவந்தவரே சொன்னார். அந்தக் காலும் முதலில் மற்ற இரண்டையும் போல லேசாகத்தான் வளைந்திருந்ததாம். யாரோ சொன்ன யோசனைப்படி அதை நனைத்த சாக்கில் சுற்றி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடத்தி, நடுவே ஓர் அம்மிக்கல்லை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் கால் நேராகிவிட்டது. கல்லை எடுத்து ஒரு வாரத்தில் பழைய வளைவு திரும்பியது. கூடவே, முன்பு இல்லாத விரிசலும் வந்தது.

திருச்சியில் 22 ஆண்டுகளாக நில அளவைக் கருவிகளின் முக்காலிகளையும் பழைய தொலைநோக்கிகளின் மரவேலைகளையும் பார்த்துவருகிறேன். என்னிடம் வருகிற கால்களில் பாதிக்கு மேல், காலம் கெடுத்ததைவிட அவசரமான கை கெடுத்தது அதிகம். நனைத்தது, வெயிலில் காயவைத்தது, இடுக்கியில் மாட்டி ஒரே மூச்சில் முறுக்கியது, இழைப்புளியால் சீவித் தள்ளியது என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். இவற்றைச் செய்தவர்கள் எல்லோரும் அந்தக் கருவியை நேசிப்பவர்கள்தான். அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில், மரம் ஏன் வளைகிறது என்று பார்த்துவிடுவோம். அறுத்து, இழைத்து, மெருகேற்றி நூறு ஆண்டுகள் ஆனாலும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக நிலைத்திருந்தால் மரத்துக்குள் சுமார் 9 சதவீத ஈரம் தங்கும். 80 சதவீதமானால் சுமார் 16 சதவீதம். ஈரம் ஏறும்போது மரம் அகலத்திலும் கனத்திலும் பருக்கும். நீளத்தில் அநேகமாக மாறாது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது மஹாகனி அகலவாக்கில் 4 சதவீதம் வரை சுருங்கும், தேக்கு 6 சதவீதத்தை நெருங்கும். நீளவாக்கில் இரண்டுமே 0.1 அல்லது 0.2 சதவீதம்தான். அதனால் இழை நேராக ஓடும் சட்டம் ஈரத்தால் அவ்வளவு எளிதில் வளையாது. இழை சாய்ந்து ஓடினால் கதை வேறு. அப்போது அகலவாக்கின் சுருக்கத்தில் ஒரு பங்கு நீளத்துக்குள் புகுந்துவிடும். ஒரு முகம் சற்றே நீளும், எதிர்முகம் அப்படியே நிற்கும், சட்டம் வில்லாகும்.

அந்த "சற்றே" எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1,200 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் கனமும் உள்ள சட்டத்தில் ஒரு முகம் மற்றதைவிட வெறும் 0.8 மில்லிமீட்டர் நீண்டால் போதும், நடுப்பகுதி 6 மில்லிமீட்டர் விலகிவிடும். தச்சர் கணக்கில் அது இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). கண்ணுக்கு அது பெரிய கோணலாகத் தெரியும். மரத்துக்குள் நடந்ததோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மாற்றம். இதைப் புரிந்துகொண்டவர் அம்மிக்கல்லைத் தேடமாட்டார்.

இரண்டாவது காரணம், கால்களை வைக்கிற விதம். முக்காலியைக் கழற்றி, கால்களை மூலையில் சுவரோடு சாய்த்துவைப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். சாய்ந்து நிற்கிற சட்டம் தன் எடையாலேயே நடுவில் தொய்யும். மழையில் ஈரம் ஏறி, கோடையில் இறங்கி, மறுபடி ஏறும்போது அந்தத் தொய்வு கொஞ்சம் கொஞ்சமாக நிலைத்துவிடும். சுமையோடு நிற்கும் மரம் ஒரே ஈரத்தில் நின்றால் தொய்வதைவிட, ஈரம் மாறி மாறி வரும்போது பல மடங்கு அதிகமாகத் தொய்யும். கல்லூரிக் கால்கள் ஒரு சேமிப்பறையின் மேற்குச் சுவரில் எத்தனை மழைக்காலம் சாய்ந்திருந்தனவோ தெரியவில்லை. சுவரைத் தொட்ட முகத்தில் மட்டும் மெருகு வெளுத்துப்போயிருந்தது. எந்தப் பக்கம் நனைந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பழைய முக்காலிகளில் வெளிமுகம் அரக்கு மெருகில் பளபளக்கும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள உள்முகத்திலோ ஒரு கை மெருகுதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. மெருகில்லாத முகம் ஈரத்தை வேகமாக வாங்கும், வேகமாக விடும். சட்டத்தின் முனைகளும் திருகுத் துளைகளும் அதைவிட மோசம். மரத்தின் குழல்கள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன.

கை வைக்கும் முன் அளந்து பாருங்கள். இரு முனைகளிலும் ஆணி தொட்டு நூலை இழுத்துக் கட்டினால் வில் வளைவு எத்தனை நூல் என்று தெரிந்துவிடும். முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. ஒரே அளவான இரண்டு நேர்ப்பட்டிகளைச் சட்டத்தின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒன்றாகப் படிந்தால் முறுக்கு இல்லை. ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் இருக்கிறது. என் பட்டறையில் கருங்காலியில் செய்த பட்டி ஒன்றும் வெள்ளைப் பூச்சு அடித்த பட்டி ஒன்றும் இதற்கென்றே வைத்திருக்கிறேன். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் தூக்கல்கூடப் பளிச்சென்று தெரியும்.

வில் வளைவைவிட முறுக்குதான் ஆபத்தானது. மூன்று புள்ளிகளில் நிற்கும் எதுவும் தரையில் ஆடாது. ஒரு கால் வில்லாக இருந்தாலும் முக்காலி உறுதியாகவே நிற்கும். முறுக்கிய கால் அப்படியல்ல. திருகை இறுக்கும்போதெல்லாம் அது தலைப்பகுதியில் காலைப் பிடித்திருக்கும் காதுகளைப் பக்கவாட்டில் நெம்பும். வார்ப்புப் பித்தளைக் காது ஒருமுறை பிளந்தால் அதைப் பற்றவைத்து மீட்பது மரவேலையைப் போல நான்கு மடங்கு கடினம். நீட்டிக் குறைக்கும் நடுச்சட்டம் உள்ள முக்காலியாக இருந்தால் வில் வளைவும் தொல்லைதான்; நடுச்சட்டம் சிக்கிக்கொள்ளும். அதற்காக நடுச்சட்டத்தைச் சீவிவிடாதீர்கள். வெளிச்சட்டம் ஒரு நாள் நேரானதும், சீவிய நடுச்சட்டம் தொளதொளவென்று ஆடும். சீவிய மரம் திரும்பி வராது.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், 1960களில் ஜப்பானில் செய்த 60 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை முக்காலியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, கால் வளைந்துவிட்டது. சனிக்கிரகத்தைப் பார்த்தால் வளையம் நடுங்குகிறது. காலை மாற்றிவிடு" என்றார். நூல் பிடித்தேன். வளைவு ஒரு நூல்கூட இல்லை. "ஐயா, இன்று இரவு நீங்களும் இருங்கள், மொட்டை மாடியில் வைத்துப் பார்ப்போம்" என்றேன். இருட்டியதும் ஒரு விண்மீனைப் பிடித்துவைத்து, குழாயை விரலால் லேசாகத் தட்டச் சொன்னேன். நடுக்கம் அடங்க ஏழு விநாடி ஆனது. கால்களைத் தலைப்பகுதியோடு இணைக்கும் திருகுகளில் இருந்த பழைய தோல் வாஷர்கள் காய்ந்து ஓடுபோல் ஆகியிருந்தன. துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. மரத்துளைகளை அதே வகை மரத்தக்கையால் அடைத்து மறுபடி துளைத்து, புதிய தோல் வாஷர் போட்டேன். கால்களுக்கு நடுவே இருக்க வேண்டிய சங்கிலி இரண்டு இடங்களில் அறுந்திருந்தது, அதையும் மாட்டினேன். அடுத்த இரவு நடுக்கம் இரண்டு விநாடியில் அடங்கியது. வளைந்த காலை நான் தொடவே இல்லை. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது, வளையமும் தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே வீட்டில் இந்தத் தட்டல் சோதனையை முதலில் செய்துபாருங்கள். மூன்று விநாடிக்குள் அடங்கினால் காலை விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் முதலில் திருகுகளைப் பாருங்கள், அப்புறம் காலுக்கு வாருங்கள். இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மரம் பருத்திருக்கும்போது திருகை முழுப் பலத்தோடு இறுக்கினால், வாஷருக்குக் கீழே மரம் நசுங்கிவிடும். கோடையில் அந்த இடம் முன்னைவிட மெலியும், திருகு தொளதொளக்கும். மறுபடி இறுக்குவீர்கள், மறுபடி நசுங்கும். அதனால் மழைக்காலத்தில் கையால் இறுகும் அளவோடு நிறுத்துங்கள். தை பிறந்தபின் ஒருமுறை சரிபாருங்கள்.

இனி, நிமிர்த்தியே ஆக வேண்டிய காலுக்கு வருவோம். நான் முதலில் செய்வது பித்தளை, இரும்புப் பாகங்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு சட்டத்தையும் எடை போடுவது. சமையலறையில் உள்ள மின்னணுத் தராசே போதும். கல்லூரிச் சட்டங்களில் ஒன்று வந்த அன்று 614 கிராம் இருந்தது. அதை எல்லாப் பக்கமும் காற்று படும்படி இரண்டு மெல்லிய குச்சிகளின் மேல் படுக்கையாக வைத்தேன். வெயிலும் விசிறிக்காற்றும் நேரே படாத உள்ளறை. வாரம் ஒருமுறை எடையைப் பென்சிலால் சுவரில் எழுதினேன். 607, 601, 595, 591, 590. அடுத்த வாரமும் 590. அப்போதுதான் மரமும் அறையின் காற்றும் ஒரு நிலைக்கு வந்தன. இந்த ஒன்றரை மாதத்தில் நான் அந்தச் சட்டத்துக்கு வேறெதுவும் செய்யவில்லை. வளைவு இரண்டு நூலிலிருந்து ஒரு நூலுக்குச் சற்று மேல் என்று குறைந்திருந்தது. இன்னொரு காலில் அரை நூலுக்கு வந்துவிட்டது. அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

அந்த 24 கிராம், வளைவில் ஏறக்குறைய பாதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனது. வளைவைப் பார்த்ததும் நிமிர்த்த ஓடுகிறவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். ஒரு முகம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே சட்டத்தை வலுவில் நிமிர்த்தினால், பின்பு அந்த முகம் காயும்போது சட்டம் எதிர்ப்பக்கம் போகும்.

மீதி வளைவு, ஆண்டுக்கணக்கில் தொய்ந்து நிலைத்தது. அதற்கு மரம் வளைந்த வழியையே திருப்பிப் பிடிக்க வேண்டும்: ஈரம் ஏற்றி, எதிர்த்திசையில் மெல்லச் சுமை கொடுத்து, சுமையோடேயே காயவைப்பது. ஐப்பசிக் காற்றே ஈரமானதுதான், ஆனால் அது ஒரு நாள் போல மறுநாள் இருக்காது. அதனால் கல்லுப்பைத் தட்டில் கொட்டி, சேறுபோல் குழையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மூடிய அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுவேன். நிறைவுற்ற உப்புக் கரைசல் இருக்கும் மூடிய இடத்தில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஒரு சொட்டுத் தண்ணீரும் மரத்தின் மேல் படாமல் மூன்று வாரத்தில் ஈரம் சீராக ஏறிவிடும். உப்புத் தட்டு மரத்தையோ பித்தளையையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதன்பின் நேரான, கனமான தேக்குப் பலகையின் மேல் சட்டத்தை வளைவு மேல்நோக்கும்படி வைத்து, இரு முனைகளுக்குக் கீழும் கட்டை கொடுத்து, நடுவில் கிளாம்ப் போடுகிறேன். முதல் நாள் பாதி அளவுக்குத்தான் இறக்குவேன். ஒரு நாளைக்குத் திருகில் கால் சுற்று. நேர்நிலைக்கு வந்தபின், இருந்த வளைவின் அளவுக்கே எதிர்ப்பக்கமும் போக விடுவேன். கிளாம்பைத் தளர்த்தினால் மரம் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். கிளாம்பின் இரும்பு மரத்தில் நேரே படக்கூடாது. ஓக், மஹாகனி, தேக்கு ஆகியவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் மைபோல் கறுப்புக் கறை விழும், அது இலகுவில் போகாது. நடுவே தோலும் கட்டையும் வையுங்கள். சுமையை ஏற்றும்போது மரத்திலிருந்து "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள். அது நார் அறும் சத்தம்.

கார்த்திகைக் கடைசியில் கிளாம்பில் ஏறிய சட்டம் மாசியில்தான் இறங்கியது. இடையில் தை வெயிலை நான் அறைக்குள் விடவே இல்லை. காற்று தானாகக் காயும் வேகத்திலேயே அதுவும் காய்ந்தது. இறக்கி இரண்டு வாரம் சும்மா வைத்து, நூல் பிடித்துப் பார்த்தபோது ஒரு மில்லிமீட்டர் மிச்சமிருந்தது. அதைத் தேடிப் போகமாட்டேன்.

இங்கே எங்கள் ஊரோடு சேர்ந்த ஒரு சங்கதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1802இல் சென்னையில் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 36 அங்குல அளவு வட்டம் கொண்ட, அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) வைத்து அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, வட்டம் கோணிப்போனது. லாம்டன் அதைத் திருச்சிக்குக் கொண்டுவந்து, ஒரு பெரிய பலகையில் வட்டம் இருக்க வேண்டிய சரியான அளவைக் குறித்து, ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இழுத்து ஆறு வாரத்தில் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறிய மரச்சுத்தியால் தட்டியே நிமிர்த்தினார்கள். அது உலோகம், நம்முடையது மரம். ஆனால் கிளாம்பில் கால் சுற்று திருகிவிட்டு ஒரு நாள் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு வாரங்கள் நினைவுக்கு வருகின்றன.

நீராவியில் வளைப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் நீராவி என்பது படகு கட்டுகிறவர்களின் கணக்கு. ஆஷ், ஓக் போன்ற மரங்களுக்கு, அதுவும் இயற்கையாகக் காயவைத்த மரத்துக்கு, அது நன்றாகவே வேலை செய்யும். சூளையில் காயவைத்த மரம் அவ்வளவு எளிதில் இணங்காது. மஹாகனியில் இழை பின்னிப் பின்னி ஓடும். வளைக்கும்போது வெளிமுகம் சிலாம்பாகத் தெறிக்கும். மேலும் நீராவி, மூட்டுகளில் உள்ள பழைய வச்சிரத்தை (தோலைக் காய்ச்சி எடுத்த தச்சர் பசை) இளக்கிவிடும், அரக்கு மெருகை வெளுக்கவைத்துவிடும். நூறு ஆண்டு கண்ட காலுக்கு இதை நான் கடைசி வழிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.

அதற்கும் பின்னால் ஒரு வழி உண்டு: சட்டத்தைக் கனவாக்கில் நடுவே நீளமாக அறுத்து, இடையில் மெல்லிய ஏடு வைத்து, நேராகப் பிடித்துப் பசையிடுவது. இரண்டு ஏடாக்கி ஒட்டினால் வளைவில் நான்கில் ஒரு பங்கு திரும்பும். மூன்று ஏடாக்கினால் ஒன்பதில் ஒரு பங்குதான். நல்ல முறை, ஆனால் அறுத்ததை மறுபடி ஒன்றாக்க முடியாது. உரிமையாளரிடம் நேரில் சொல்லி, அவர் சரி என்ற பிறகே ரம்பத்தை எடுப்பேன்.

உளுத்துப்போன கால், தலைப்பகுதியில் பிளந்த கால், இழை குறுக்கே ஓடும் கால் ஆகியவற்றுக்குப் புதுச் சட்டம்தான் சரி. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பர்மா தேக்குச் சட்டங்களில் வைரம் பாய்ந்த, இழை நேரான துண்டாகத் தேர்ந்தெடுக்கிறேன். ஆண்டுக்கணக்கில் கூரைக்குக் கீழே கிடந்து அடங்கிய மரம் அது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. புதுச் சட்டத்தின் உள்முகத்தில் மாற்றிய ஆண்டைப் பென்சிலால் எழுதிவைப்பது என் வழக்கம். பழைய சட்டத்தைத் துணியில் சுற்றி உரிமையாளரிடமே கொடுத்துவிடுவேன். பத்து ஆண்டு கழித்து என்னைவிடத் தேர்ந்த ஒருவர் அதை மீட்கக்கூடும்.

நிமிர்த்திய காலுக்கு மெருகு மிக முக்கியம். ஆளிவிதை எண்ணெய் பார்க்க அழகு, ஆனால் காற்றின் ஈரத்தை அது ஏறக்குறைய தடுப்பதே இல்லை. அரக்கு நன்றாகத் தடுக்கும், ஸ்பிரிட்டால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடவும் முடியும். அரக்கை நீர்க்கக் கரைத்து, உள்முகம், முனைகள், துளைகளின் உட்சுவர் என்று எல்லா இடத்திலும் ஒரே எண்ணிக்கையில் பூசுங்கள். வெளிமுகத்துக்கு நான்கு கை என்றால் உள்முகத்துக்கும் நான்கு கை. முனைகளுக்கு மட்டும் இரண்டு கை கூடுதலாக. பழைய மெருகை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். அதன் மேலேயே புது அரக்கு இழையும்.

பித்தளைக்கும் ஒரு வார்த்தை. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. பழைய கருவிகளின் பித்தளையில் பொன்னிறமான மெல்லிய மெருகுப் பூச்சு ஒன்று இருக்கும். புளி அதைத் தின்றுவிடும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

இன்னொன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 1960கள் காலத்து ஜப்பானியத் தொலைநோக்கிப் பெட்டிகளில், கண்ணருகு லென்ஸில் திருகி மாட்டும் ஒரு சிறிய கறுப்புக் கண்ணாடி பல நேரம் இருக்கும். சூரியனைப் பார்ப்பதற்கு என்று கொடுத்தது. குவிந்த வெயிலின் சூடு முழுவதும் அந்தக் காசளவு கண்ணாடியின் மேல் விழும். அது எந்த நொடியிலும் விரிசல் விடலாம், விட்டால் கண் போய்விடும். காலைச் சரிசெய்து கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் சூரியனைத்தான் பார்க்க ஓடுவார்கள். அதனால் பெட்டியில் அதைக் கண்டால் நான் எடுத்துத் தனியே உறையில் போட்டு, "இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது" என்று எழுதி, பெரியவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். முன்பக்கத்தில், முகப்பு லென்ஸை முழுக்க மூடும் முறையான சூரிய வடிகட்டி இருந்தால் மட்டுமே பகலில் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்புங்கள்.

வீட்டில் வைக்கும் முறை எளிது. கால்களைச் சாய்த்து நிறுத்தாதீர்கள். படுக்கவைத்து, நீளத்தில் நான்கில் ஒரு பங்கு உள்ளே தள்ளி இரண்டு இடத்தில் கட்டை கொடுங்கள். அல்லது முனையில் உள்ள திருகுத் துளையில் கயிறு போட்டுச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். வெளிச்சுவரும் ஓட்டுக்கூரைக்குக் கீழுள்ள பரணும் வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் கட்டிவைக்கவும் வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறாது. பழைய பருத்திப் புடவையில் தளர்வாகச் சுற்றினால் தூசியும் படாது, மரமும் மூச்சு விடும்.

கல்லூரியின் மூன்றாவது கால் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. விரிசலை மெல்லிய ஆப்பால் மயிரிழை அளவு திறந்து, சூடான வச்சிரத்தை உள்ளே ஓடவிட்டு, மாசிக் கடைசியில் மூடிக் கட்டினேன். பசையின் ஈரத்தோடு சேர்த்து விரிசல் விட்ட சட்டத்தின் எடை 603 கிராமுக்குப் போனது. போன வாரம் 597, இன்று காலை 594. துறைத்தலைவர் தொலைபேசியில் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். எடை இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்றபின் வளைவை அளக்கிறேன், அளந்த பிறகு தேதி சொல்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.